பிங் போனால் போதுமா? மடிக்கணினிக்குள் கட்டும் வலையமைப்பு பற்றி ஓர் ஆய்வு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் மென்பொருள்வழி வலையமைப்பு, அதாவது எஸ்டிஎன், ஒரு விருப்பப் பாடம். அதன் செய்முறைப் பட்டியலில் முதல் பயிற்சி, மாணவர் தமக்கென ஒரு மெய்நிகர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொள்வது. விர்ச்சுவல்பாக்ஸில் மினிநெட், அல்லது கத்தாரா, அல்லது ஜிஎன்எஸ்3 என்று வழிகளையும் பாடத்திட்டமே சொல்லிவிடுகிறது. இரண்டாவது பயிற்சி, அந்தக் கூடத்தில் ஒரு சிறு வலையமைப்பைக் கட்டி, கன்ட்ரோலருக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஓடும் ஓப்பன்ஃப்ளோ செய்திகளை வயர்ஷார்க்கில் பிடித்துப் பார்ப்பது.

வரிசையைப் பார்த்தால் முதல் பயிற்சி முன்வேலை போலத் தெரியும். சட்டென்று நிறுவி முடித்துவிட்டுப் பாடத்துக்குள் போவோம் என்று மனம் அவசரப்படும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் துறையில் அமைப்பதே பாடத்தின் பெரும்பகுதி. எது எதன்மேல் நிற்கிறது என்று கட்டும்போதே தெரிந்துகொள்ளாதவர், பின்னால் திரையில் வரும் எண்களில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று பிரிக்க முடியாமல் தவிப்பார். மெய்நிகர் கணினி ஒன்றுக்குள் நிறுவிய எமுலேட்டரை, அதாவது நிஜ வலையமைப்பைப் போலவே இயங்கிக்காட்டும் மென்பொருளை, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் தொடும் கருவி மினிநெட் என்பதால் அதை நடுவில் வைத்தே இந்தக் கேள்வியைப் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. வழக்கமான சுவிட்சும் ரவுட்டரும் இரண்டு வேலைகள் செய்கின்றன. வந்த பாக்கெட்டை எந்தப் போர்ட் வழியே விடுவது என்று தீர்மானிப்பது ஒன்று, தீர்மானித்தபடி விடுவது இன்னொன்று. தீர்மானிக்கும் பகுதி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதைத் தயாரித்த நிறுவனம் பூட்டிவைத்த மென்பொருளாக இருந்தது. வெளியார் யாரும் அதில் கைவைக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் கசாடோவும் நிக் மெக்கியோனும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஈத்தேன் என்ற ஆய்வு, அந்தப் பகுதியைப் பெட்டிகளிலிருந்து எடுத்து மையக் கன்ட்ரோலர் ஒன்றில் வைத்தது. 2008இல் மெக்கியோன் உள்ளிட்ட எட்டுப் பேர் ஓப்பன்ஃப்ளோவை முன்வைத்தார்கள். சுவிட்சுக்குள் ஓர் அட்டவணை இருக்கும். இன்ன தலைப்புள்ள பாக்கெட் வந்தால் இன்னது செய் என்று அதில் விதிகள் இருக்கும். அந்த விதிகளை எழுதுவதும் அழிப்பதும் வெளியே உள்ள கன்ட்ரோலர். பல்கலைக்கழக வளாக வலையமைப்பில் ஆய்வாளர்கள் தங்கள் சோதனைகளை நடத்திப் பார்க்க வழி வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். 2009 டிசம்பரில் 1.0 பதிப்பு வந்தது. கசாடோ இணைந்து நிறுவிய நிசிரா நிறுவனத்தை விஎம்வேர் 2012இல் 126 கோடி டாலருக்கு வாங்கியது. தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 என்ற வலையமைப்பை இம்முறையில் இயக்குவதாக 2013இல் கூகுள் விவரமாக எழுதியது. வளாகச் சோதனை என்று தொடங்கியது ஐந்தே ஆண்டுகளில் கண்டங்களை இணைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

படிப்பவருக்கு ஒரு தடை இருந்தது. ஓப்பன்ஃப்ளோ பேசும் சுவிட்சுகள் இருபது வாங்கி, கேபிள் இழுத்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வலையமைப்பு தருவது எந்தக் கல்லூரிக்கும் கட்டாது. இதற்கு விடையாக பாப் லான்ட்ஸ், பிராண்டன் ஹெல்லர், நிக் மெக்கியோன் மூவரும் 2010இல் மினிநெட்டை அறிமுகப்படுத்தினார்கள். மடிக்கணினிக்குள் ஒரு வலையமைப்பு என்ற பொருள் வரும்படியே கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். தலைப்பில் மிகை எதுவும் இல்லை. ஒரே லினக்ஸ் கெர்னலின் மேல் 4096 ஹோஸ்ட்கள் வரை எழுப்பிக் காட்டியிருப்பதாக மினிநெட் குழு பதிவு செய்திருக்கிறது.

அது எப்படி முடிகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. மினிநெட்டில் ஒரு ஹோஸ்ட் என்பது தனிக் கணினி அல்ல, மெய்நிகர் கணினியும் அல்ல. அது லினக்ஸில் ஓடும் ஒரு ஷெல் ப்ராசஸ், அவ்வளவுதான். அதற்கு மட்டும் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அதற்குத் தனி ஐபி முகவரி, தனி ரவுட்டிங் அட்டவணை, தனி போர்ட் எண்கள். கோப்புகள் எல்லா ஹோஸ்ட்டுக்கும் பொது, ப்ராசஸ் பட்டியலும் பொது. எச்1 என்ற ஹோஸ்ட்டிலிருந்து, ஓடும் ப்ராசஸ்களைக் கேட்டால் முழுக் கணினியின் பட்டியலும் வந்து விழும். முதல் முறை பார்ப்பவர் ஏதோ பழுது என்று எண்ணிவிடுவார். பழுதில்லை, வடிவமைப்பே அப்படித்தான். ஹோஸ்ட்டை சுவிட்சோடு இணைக்கும் கேபிள், வீத் என்ற இரட்டை இடைமுகம். ஒரு வாயில் விட்ட தண்ணீர் மறுவாயில் வரும் குழாய்போல, ஒரு முனையில் இட்ட பாக்கெட் மறுமுனையில் வெளிவரும். சுவிட்ச் வேலையைச் செய்வது ஓப்பன் விசுவிட்ச் என்ற மென்பொருள். அதன் கெர்னல் பகுதி 2012இல் வந்த லினக்ஸ் 3.3 முதல் லினக்ஸின் அங்கமாகவே இருக்கிறது. கேபிளின் வேகத்தையும் தாமதத்தையும் கட்டுப்படுத்துவது டிசி எனப்படும் லினக்ஸின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கருவி.

ஆக, மினிநெட் புதிதாகக் கண்டுபிடித்தது மிகக் குறைவு. லினக்ஸில் ஏற்கெனவே இருந்த துண்டுகளைப் பைத்தானில் கோத்துக் கொடுத்ததுதான் அதன் சாதனை. அந்த அடக்கமே அதன் பலம் என்பேன். உள்ளே ஓடும் டிசிபி அடுக்கு, நிஜ சர்வரில் ஓடும் அதே டிசிபி. சுவிட்ச், நிஜத் தரவு மையங்களில் ஓடும் அதே ஓப்பன் விசுவிட்ச். இங்கே எழுதிச் சோதித்த கன்ட்ரோலர் நிரலை ஒரு வரியும் மாற்றாமல் நிஜ சுவிட்சின் முன் நிறுத்தலாம்.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழும். மினிநெட்டே இவ்வளவு இலகுவானது என்றால் மெய்நிகர் கணினி எதற்கு? மேலே சொன்ன துண்டுகள் அத்தனையும் லினக்ஸ் கெர்னலுக்கே உரியவை. மாணவர் கையில் இருப்பதோ பெரும்பாலும் விண்டோஸ். லினக்ஸே வைத்திருந்தாலும் மினிநெட்டை ரூட் அதிகாரத்தோடுதான் ஓட்ட வேண்டும். தவறான ஒரு கட்டளை, கணினியின் சொந்த இணைய இணைப்பையே குலைத்துவிடலாம். மெய்நிகர் கணினிக்குள் அந்தப் பயம் இல்லை. நிறுவி முடித்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், எவ்வளவு குழப்பினாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இணைய வேகம் குறைந்த கல்லூரிகளுக்கு இன்னொரு பெரிய வசதியும் உண்டு. ஒரு கணினியில் ஒழுங்காக அமைத்ததை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் எடுத்துப்போய் வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடலாம்.

தொடங்குவதற்கு இரண்டு வழிகள். மினிநெட் குழுவே தயாரித்துத் தரும் ஆயத்த இமேஜை விர்ச்சுவல்பாக்ஸில் இறக்கிக்கொள்வது ஒன்று. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே மினிநெட்தான். புதிய உபுண்டு ஒன்றை நிறுவி அதற்குள் மினிநெட்டைப் போடுவது மற்றொன்று. ஆயத்த இமேஜ் ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்க விடும். ஆனால் 2021 பிப்ரவரியில் வந்த 2.3.0 பதிப்புக்கான இமேஜ் உபுண்டு 20.04இன் மேல் நிற்கிறது. அந்த உபுண்டுவின் வழக்கமான ஆதரவுக் காலம் 2025இல் முடிந்துவிட்டது. பாடம் படிப்பதற்கு அது தடையில்லை. இருந்தும், சொந்தமாக நிறுவும் இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது அதில்தான்.

வன்பொருளில் இடறும் இடங்கள் சில, இவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பயாஸில் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி அணைந்திருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் 64 பிட் கணினியைத் தொடங்கவே மறுக்கும். விண்டோஸில் ஹைப்பர்-வி அல்லது டபிள்யூஎஸ்எல்2 இயங்கிக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓட வேண்டியிருக்கும். அப்போது சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைச் சின்னம் தெரியும். பயிற்சிகள் நடக்கும், ஆனால் நிதானமாக நடக்கும். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு உள்ள கணினியில் இன்டெல் வகைக்காகத் தயாரித்த ஆயத்த இமேஜ் நேரடியாக ஓடாது. அங்கே ஆர்ம் வகை உபுண்டுவை நிறுவி மினிநெட்டைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நினைவகத்தைப் பொறுத்தவரை சிறிய வலையமைப்புக்கும் பைத்தான் கன்ட்ரோலருக்கும் 2 ஜிபி தாராளம். ஓனோஸ், ஓப்பன்டேலைட் போன்ற ஜாவா கன்ட்ரோலர்கள் அதற்கு மேலும் கேட்கும்.

மெய்நிகர் கணினிக்கு இரண்டு நெட்வொர்க் அடாப்டர் தருவது நல்லது. என்ஏடி அடாப்டர் வழியே உள்ளேயிருந்து இணையத்துக்குப் போகலாம், மென்பொருள் இறக்கலாம். ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் வழியே மடிக்கணினியிலிருந்து உள்ளே எஸ்எஸ்எச் மூலம் நுழையலாம். விர்ச்சுவல்பாக்ஸின் வழக்கப்படி இந்த இரண்டாவது இணைப்பின் முகவரி 192.168.56 என்று தொடங்கும். ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் தனித் திரை வேண்டுமென்றால் எக்ஸ்11 சாளரங்களை எஸ்எஸ்எச் வழியே வெளியே கொண்டுவர வேண்டும். விண்டோஸில் எக்ஸ்மிங், மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ் அதற்கு உதவும். இங்கேயே மூன்று வலையமைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருப்பதை மாணவர் காகிதத்தில் வரைந்து பார்க்க வேண்டும். வெளியே வீட்டு வைஃபை, நடுவில் விர்ச்சுவல்பாக்ஸின் 192.168.56, உள்ளே மினிநெட்டின் 10.0.0. எச்1இலிருந்து இணையத்துக்கு ஏன் போக முடியவில்லை என்ற கேள்விக்கு இந்தப் படமே விடை. மினிநெட்டின் ஹோஸ்ட்கள் வெளியுலகோடு இயல்பாக இணைக்கப்படுவதில்லை. வேண்டுமென்றால் என்ஏடி சேர்க்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும்.

இனி இந்தக் கட்டுரை எந்த இடத்துக்காக எழுதப்பட்டதோ அந்த இடம். உபுண்டுவில் தொகுப்பு மேலாளர் வழியாக மினிநெட்டை நிறுவுகிறார் மாணவர். மினிநெட்டைத் தொடங்கும் எம்என் கட்டளையை ரூட் அதிகாரத்தோடு கொடுக்கிறார். இரண்டு ஹோஸ்ட், ஒரு சுவிட்ச் எழுகின்றன. எல்லா ஹோஸ்ட்களுக்கும் இடையே பிங் அனுப்பிப் பார்க்கும் பிங்ஆல் கட்டளையைக் கொடுக்கிறார். பாக்கெட் இழப்பு 0 சதவீதம் என்று வருகிறது. படம் எடுத்து ரெக்கார்டில் ஒட்டினால் பயிற்சி முடிந்தது. ஆனால் திரையின் மேலே இரண்டு வரிகள் ஓடிப் போயிருக்கும். இயல்பான ஓப்பன்ஃப்ளோ கன்ட்ரோலர் கிடைக்கவில்லை, எனவே ஓவிஎஸ் (ஓப்பன் விசுவிட்ச்) பிரிட்ஜ் முறைக்குத் திரும்புகிறேன் என்பது அவற்றின் செய்தி. மினிநெட் தொகுப்பை மட்டும் போட்டால் சோதனைக் கன்ட்ரோலர் கூடவே வருவதில்லை, அது தனித் தொகுப்பு. கன்ட்ரோலர் இல்லாதபோது மினிநெட் நின்றுவிடாமல், சுவிட்சைச் சாதாரண ஈதர்நெட் சுவிட்சாக மாற்றி வேலையைத் தொடர்கிறது. பிங் போகிறது. போகத்தான் செய்யும். கடையில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் எட்டு போர்ட் சுவிட்சிலும் போகும். அங்கே எஸ்டிஎன் என்று எதுவுமே நடக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கட்டளை போதும். சுவிட்சின் விதி அட்டவணையைக் கொட்டிப் பார்க்கும் ஓவிஎஸ்-ஓஎஃப்சிடிஎல் கட்டளையைக் கொடுத்தால், பிரிட்ஜ் முறையில் ஒரே வரிதான் இருக்கும். எல்லாப் பாக்கெட்டையும் நார்மல், அதாவது வழக்கமான சுவிட்ச் செய்வதுபோல் செய் என்பது அந்த வரி. கன்ட்ரோலர் நிஜமாகவே இருந்தால், பிங் போன பிறகு இந்தப் போர்ட்டில் இந்த மேக் முகவரியிலிருந்து வந்தால் அந்தப் போர்ட்டில் விடு என்ற தனித்தனி விதிகள் தெரியும். ஒவ்வொன்றின் எதிரிலும் எத்தனை பாக்கெட் அதைத் தொட்டது என்ற எண்ணிக்கையும் இருக்கும். ரெக்கார்டில் ஒட்ட வேண்டிய படம் பிங்ஆல் அல்ல, இந்த அட்டவணைதான். வாத்தியார்களிடம் இதை மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

இதன் மறுபக்கமும் பாடமே. தொலைக் கன்ட்ரோலர் ஒன்றைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டு அதை ஓட்டாமல் விட்டால், தொடர்புகொள்ள முடியவில்லை என்று மினிநெட் எச்சரிக்கும். பிங்ஆல் 100 சதவீத இழப்பைக் காட்டும். மினிநெட் தன் சுவிட்சுகளை செக்யூர் என்ற நிலையில் தொடங்குவதே காரணம். கன்ட்ரோலர் சொல்லாமல் சுவிட்ச் சொந்தமாக எதையும் முடிவெடுக்காது. சோதனைக் கன்ட்ரோலர் தொகுப்பைத் தனியாக நிறுவியவர்கள் சிலருக்கு இன்னொரு செய்தி வரும். 6653ஆம் போர்ட்டில் ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலர் ஓடுகிறது, அதை நிறுத்து என்பது அது. நிறுவியவுடன் அது பின்னணிச் சேவையாகத் தானே தொடங்கியிருக்கும். எரிச்சலூட்டும் பிழைதான். ஆனால் ஓப்பன்ஃப்ளோவுக்கு ஒதுக்கப்பட்ட போர்ட் 6653 என்பதும், கன்ட்ரோலர் என்பது ஒரு டிசிபி சர்வர், சுவிட்ச் அதன் கிளையண்ட் என்பதும் அந்தப் பிழையால் மனத்தில் பதியும்.

கன்ட்ரோலர் சரியாக அமைந்துவிட்டால், எச்1இலிருந்து எச்2வுக்குப் போகும் முதல் பிங்கைப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். வயர்ஷார்க்கில் லூப்பேக் இடைமுகத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். கன்ட்ரோலரும் சுவிட்சும் ஒரே கணினிக்குள் இருப்பதால் அவற்றின் பேச்சு அந்த வழியேதான் நடக்கிறது. சுவிட்சின் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் பிங் தெரியும், ஓப்பன்ஃப்ளோ தெரியாது. எச்1 முதலில் 10.0.0.2 யார் என்று ஏஆர்பி கேள்வியைப் பரப்புகிறது. சுவிட்சின் அட்டவணை காலி. எனவே அந்தப் பாக்கெட் பாக்கெட்-இன் செய்தியாகக் கன்ட்ரோலருக்குப் போகிறது. எல்லாப் போர்ட்டிலும் விடு என்று பாக்கெட்-அவுட் திரும்பி வருகிறது. எச்2 பதில் சொல்கிறது, அதுவும் கன்ட்ரோலருக்குப் போகிறது. இப்போது இருவரும் எந்தெந்தப் போர்ட்டில் என்று கன்ட்ரோலருக்குத் தெரியும், ஆகவே ஃப்ளோ-மாட் செய்தியால் அட்டவணையில் விதி எழுதுகிறது. அதன் பிறகுதான் பிங் ஓட்டமெடுக்கிறது. முதல் பிங் சில மில்லிசெகண்ட் எடுக்கும். அடுத்தடுத்தவை அதில் மிகச் சிறு பகுதியில் முடிந்துவிடும். விதி எழுதப்பட்டுவிட்டதால் பாக்கெட் இனிக் கன்ட்ரோலரைப் பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டுத் தளம், தரவுத் தளம் என்று புத்தகம் பக்கம் பக்கமாக விளக்குவது, திரையில் இரண்டு எண்களின் வித்தியாசமாக வந்து நிற்கிறது.

இங்கே பதிப்பு வேறுபாடு ஒன்று பலரை மாட்டிவிடும். ஓப்பன்ஃப்ளோ 1.0இல் விதி இல்லாத பாக்கெட் கன்ட்ரோலருக்குப் போவது இயல்பு. 1.3இல் அப்படியில்லை. எந்த விதிக்கும் பொருந்தாததைக் கன்ட்ரோலருக்கு அனுப்பு என்ற கடைநிலை விதியைக் கன்ட்ரோலரே முதலில் எழுதி வைக்க வேண்டும், இல்லையேல் பாக்கெட் கைவிடப்படும். பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டுப் பிங் ஏன் போகவில்லை என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வேகம், தாமதம் பற்றிய எண்களுக்கு வருவோம். ஒவ்வொரு இணைப்புக்கும் 10 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்துக் கட்டினால் பிங் சுமார் 40 காட்டும். போகும்போது இரண்டு இணைப்பு, திரும்பும்போது இரண்டு. கணக்கு அழகாக இடிக்காமல் நிற்கும். ஆனால் எந்த வரம்பும் கொடுக்காமல், வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவியை ஓட்டினால் திரையில் பல ஜிகாபிட் வேகம் வரும். அது எந்த வலையமைப்பின் வேகமும் அல்ல. ஒரே கணினியின் நினைவகத்துக்குள் நகல் எடுக்கும் வேகம், அவ்வளவே. இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. இணைப்புக்கு 10 ஜிகாபிட் வரம்பு வேண்டும் என்று ஒருவர் 10000 என எழுதினால், மினிநெட்டின் நிரலில் ஏற்கப்படும் உச்சம் 1000 மெகாபிட் என்பதால், வரம்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது, புறக்கணிக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அது மேலே போய்விடும். இணைப்பு வரம்பே இல்லாமல் நிற்கும். அந்த வரியைக் கவனிக்காதவர் 10 ஜிகாபிட் இணைப்பில் தம் வழிமுறையை அளந்ததாக நம்பி ஆய்வறிக்கை எழுதிவிடக்கூடும். வயர்ஷார்க்கில் 1500 பைட்டைத் தாண்டிய பெரும் டிசிபி பாக்கெட்டுகள் தெரிவதும் இதே குடும்பத்துச் சங்கதி. துண்டாக்கும் வேலையை நெட்வொர்க் அட்டைக்குத் தள்ளிவிடுவது லினக்ஸின் வழக்கம், இங்கே அட்டையே இல்லாததால் துண்டாகாமலே ஓடுகின்றன.

இன்னும் ஆழமான சிக்கல் நேரம் பற்றியது. சிமுலேட்டரில், உதாரணமாக என்எஸ்-3இல், கடிகாரமே கற்பனை. கணினி மெதுவாக இருந்தால் விடை வரத் தாமதமாகும், விடை மாறாது. எமுலேட்டர் நிஜக் கடிகாரத்தில் ஓடுகிறது. நூறு ஹோஸ்ட்கள் இரண்டு சிபியு கோர்களைப் பங்கு போட்டால், ஒன்று அனுப்ப வேண்டிய நொடியில் அதற்கு முறை வராமல் போகலாம். நிஜத்தில் ஒரே நேரத்தில் நடப்பவை இங்கே ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். மெய்நிகர் கணினிக்குள் இது இரட்டிப்பாகிறது. உள்ளே லினக்ஸ் தன் ப்ராசஸ்களுக்குப் பங்கு பிரிக்கிறது. வெளியே விண்டோஸ் அந்த லினக்ஸுக்கே பங்கு பிரிக்கிறது. பக்கத்தில் உலாவி ஒரு வீடியோவை ஓட்டினால் உள்ளே இருக்கும் வலையமைப்பின் தாமதம் மாறும், ஏன் மாறியது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

மினிநெட்டை எழுதியவர்களே இதை ஒளிக்கவில்லை. லான்ட்ஸ், ஹெல்லர், மெக்கியோனுடன் நிகில் ஹண்டிகோல், விமல்குமார் ஜெயக்குமார் ஆகியோரும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட மினிநெட்-ஹைஃபை ஆய்வு முழுக்க முழுக்க இந்த நம்பகத்தன்மை பற்றியது. ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் சிபியு பங்கை வரையறுத்தார்கள், இணைப்புகளுக்கு வேக வரம்பிட்டார்கள். அதைவிட முக்கியமாக, சோதனை ஓடும்போதே பாக்கெட்டுகள் வரிசையிலிருந்து உரிய நேரத்தில் வெளியேறினவா என்று கண்காணித்து, தவறினால் அந்த முடிவை நம்பாதே என்று சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். முடிவோடு அதன் நம்பகத்துக்கான சான்றையும் சேர்த்துக் கொடுப்பது என்ற இந்த எண்ணம் மினிநெட்டைவிடப் பெரிய கொடை என்பது என் கருத்து. பின்னால் வந்தவர்கள் வேறு வழிகளையும் முயன்றார்கள். ஜெர்மனியின் பாடர்போர்னில் 2014இல் உருவான மேக்சிநெட், 12 கணினிகளில் வேலையைப் பரப்பி 3200 ஹோஸ்ட் கொண்ட தரவு மையத்தை எழுப்பியது. 2015இல் வந்த விடி-மினிநெட், ப்ராசஸ்களுக்குக் காட்டப்படும் கடிகாரத்தையே மெதுவாக்கியது.

ஸ்டான்ஃபோர்டின் முதுநிலை வலையமைப்பு வகுப்பில் மாணவர்களின் திட்டப்பணி, வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் முடிவை மறுபடி நடத்திக் காட்டுவதாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் 40க்கும் மேற்பட்ட கட்டுரைகளை இப்படி எடுத்துக்கொண்டதாக 2017இல் லிசா யானும் மெக்கியோனும் எழுதினார்கள். அவர்களில் பலருக்குக் கைகொடுத்தது மினிநெட்டும் மெய்நிகர் கணினிகளும். நம் கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. புதிதாக எதையோ கண்டுபிடித்ததாகச் சொல்வதைவிட, நல்ல கட்டுரை ஒன்றின் ஒரே ஒரு வரைபடத்தை மீண்டும் வரவழைத்துக் காட்டுவது கடினமானது, நேர்மையானது.

ஆகவே என் தீர்ப்பு இது. பாக்கெட் எங்கே போகிறது, விதி எப்போது எழுதப்படுகிறது, இணைப்பு அறுந்தால் கன்ட்ரோலர் மாற்றுவழி காண்கிறதா என்ற கேள்விகளுக்கு மெய்நிகர் கணினியில் ஓடும் மினிநெட் தரும் விடையைத் தயங்காமல் நம்பலாம். எவ்வளவு வேகம், எத்தனை மில்லிசெகண்ட், எந்தக் கன்ட்ரோலர் சிறந்தது என்ற கேள்விகளுக்கு, வரம்புகளைக் குறைத்து வைத்து, கணினியில் வேறெதுவும் ஓடாமல், பலமுறை அளந்து, சிபியு நிறைந்துவிடவில்லை என்று காட்டினால் மட்டும் ஏற்கலாம்.

மாற்றுக் கருவிகளை இந்த அளவுகோலோடு பார்ப்பது எளிது. ரோமா ட்ரே பல்கலைக்கழகத்தில் பிறந்த கத்தாரா ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு டாக்கர் கன்டெய்னரைத் தருகிறது. கோப்பு முறை தனித்தனியாக இருப்பதால் ரவுட்டிங் நெறிமுறைகளைப் படிக்க அது மினிநெட்டைவிட வசதி. ஜிஎன்எஸ்3 நிறுவனங்களின் நிஜ ரவுட்டர் மென்பொருளையே ஓட்டும், அந்த இமேஜுக்கு உரிமம் வேண்டும், நினைவகமும் நிறைய வேண்டும். கம்பியில்லா வலையமைப்புக்குப் பிரேசிலின் கம்பினாஸில் உருவான மினிநெட்-வைஃபை இருக்கிறது. ஹோஸ்ட்டுக்குப் பதில் டாக்கர் கன்டெய்னர் வேண்டுமென்றால் கன்டெய்னர்நெட். அண்ணா பல்கலைக்கழகப் பட்டியலில் பின்னால் வரும் விம்-எமு என்ற கருவி இந்தக் கன்டெய்னர்நெட்டின் மேல்தான் கட்டப்பட்டது. ஆகவே முதல் பயிற்சியில் மினிநெட்டைப் புரிந்துகொண்டவருக்கு அந்தப் பயிற்சி பாதி முடிந்த மாதிரி.

கவலை தரும் விஷயம், இந்தச் சூழலின் மென்பொருள்களுக்கு வயதாகிவருவது. ஜப்பானின் என்டிடி உருவாக்கிய ரியூ, பைத்தானில் எழுதப்பட்ட, படிக்கத் தெளிவான கன்ட்ரோலர். பயிற்சிக் குறிப்புகள் பலவும் அதையே சொல்கின்றன. ஆனால் அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. இன்றைய உபுண்டுவில் நிறுவி ஓட்டினால், ஈவன்ட்லெட் என்ற துணைநூலகத்தில் ஒரு பெயரைக் காணோம் என்று விழுந்துவிடும். அந்த நூலகத்தின் 0.30.2 பதிப்பைப் பிடித்து வைத்தால்தான் பலருக்கும் எழுந்து நிற்கிறது. பைத்தான் மிகப் புதியதென்றால் அதற்கும் மசியாது. ரியூவிலிருந்து பிரிந்த ஓஎஸ்-கென் என்ற கிளையை ஓப்பன்ஸ்டாக் சமூகம் பராமரிக்கிறது. பாடத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், அல்லது பாக்ஸ் என்ற எளிய பைத்தான் கன்ட்ரோலரோடு நின்றுகொள்ளலாம். மெய்நிகர் கணினியின் அருமை இங்கே இன்னொரு முறை தெரிகிறது. ஒருமுறை ஒத்துப்போன பதிப்புகளின் சேர்க்கையை இமேஜாக உறையவைத்துவிட்டால், அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஓப்பன்ஃப்ளோவுக்கே மவுசு குறைந்துவிட்ட காலத்தில் இதையெல்லாம் படிப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. சுவிட்சின் உட்புறத்தையே நிரலாக எழுத 2014இல் பி4 மொழி (கூகுளின் பி4 வலையமைப்பு வேறு) முன்வைக்கப்பட்டது. அந்த மொழிக்கென்றே பேர்போன டோஃபினோ சில்லின் புதிய தலைமுறைகளை இன்டெல் 2023இல் கைவிட்டது. ஓப்பன்ஃப்ளோவை வளர்த்த ஓஎன்எஃப் அமைப்பும் அதே ஆண்டு இறுதியில் லினக்ஸ் அறக்கட்டளையிடம் தன் திட்டங்களை ஒப்படைத்தது. பெயர்கள் வந்து போகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஓப்பன்ஸ்டாக்கில் ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பும்போதும், ஓவிஎன் என்ற மெய்நிகர் வலையமைப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் குபர்நெட்டிஸ் தொகுதியில் ஒரு கன்டெய்னர் பேசும்போதும், அடியில் ஓப்பன் விசுவிட்ச் இருக்கிறது. அதன் அட்டவணையில் ஓப்பன்ஃப்ளோ விதிகள் இருக்கின்றன. மினிநெட்டில் விதிகளைக் கொட்டிப் பார்த்த அதே கட்டளைதான் அங்கேயும். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது வீண் படிப்பில்லை.

செய்முறைத் தேர்வை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிங்ஆல் படத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம். மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கற்றல் கன்ட்ரோலரோடு அதை ஓட்டினால், ஏஆர்பி கேள்வி சுற்றிச் சுற்றி வந்து சிபியுவை நிரப்பும், பிங் போகாது. ஏன் என்று மாணவர் சொல்லட்டும். பிறகு கன்ட்ரோலரில், சுற்றுப்பாதையை உடைக்கும் ஸ்பானிங் ட்ரீயை இயக்கி, எந்த இணைப்பு ஒதுக்கப்படும் என்று முன்கூட்டியே எழுதித் தரட்டும். அதன்பின் மினிநெட் திரையில் பயன்பாட்டிலுள்ள ஓர் இணைப்பை டவுன் என்று அறுக்கச் சொல்லுங்கள். அறுப்பதற்கு முன்னும் பின்னும் சுவிட்ச் அட்டவணைகள், கெர்னல், மினிநெட், ஓப்பன் விசுவிட்ச், பைத்தான், கன்ட்ரோலர் ஆகியவற்றின் பதிப்பெண்கள், மெய்நிகர் கணினிக்குக் கொடுத்த கோர்களின் எண்ணிக்கை, நினைவகம் இவை ரெக்கார்டில் இருக்கட்டும். அவற்றை வைத்துக்கொண்டு வேறொரு மாணவர் தம் கணினியில் அதே விளைவை வரவழைக்க முடிந்தால், முதல் மாணவருக்கு முழு மதிப்பெண் தரலாம்.